ரம்மியும் போக்கரும் ‘திறமை ஆட்டம்’தான்... அப்புறம் ஏன் பணம் போகிறது? ஏழு சீட்டு ஸ்டட் சொல்லும் கணக்கு

உங்கள் கையில் மூன்று ஆர்ட்டின் சீட்டு. மேஜையில் உங்களோடு சேர்த்து எட்டு பேர். உங்களுக்கு இன்னும் நான்கு சீட்டு வரும். அதில் இரண்டாவது ஆர்ட்டினாக இருந்தால் ‘ஃப்ளஷ்’, அதாவது ஒரே ரகத்தில் ஐந்து சீட்டு. பெரும்பாலும் ஜெயிக்கிற கை. ஆட்டத்தில் தொடர்வீர்களா, சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவீர்களா?

உங்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. மற்ற ஏழு பேர் முன்னால் திறந்து கிடக்கும் சீட்டுகளில்தான் பதில் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்று பார்ப்பதற்கு முன், இந்த ஆட்டத்தை இப்போது ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்களவையில் 20ஆம் தேதி, மாநிலங்களவையில் 21ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் 22ஆம் தேதி. மூன்றே நாள். ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் எந்த ஆட்டமும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை என்கிறது சட்டம். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, 50 லட்சம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

அன்றிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று: “ரம்மி, போக்கர் எல்லாம் திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லியிருக்கே, அப்புறம் என்ன தடை?” நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: திறமை ஆட்டம் என்றால், திறமையை வளர்த்துக்கொண்டால் பணம் வரும். அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க, ஏழு சீட்டு ஸ்டட் மாதிரி வசதியான ஆட்டம் வேறு இல்லை. சீட்டுகளில் பாதிக்கு மேல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி திறந்தே கிடக்கும். அதனால் ‘திறமை’ என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம்.

ஆட்டம் எப்படி?

இன்று போக்கர் என்றாலே டெக்சஸ் ஹோல்டம்தான் நினைவுக்கு வரும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் உலகத் தொடரில் 25 லட்சம் டாலர் ஜெயித்த பிறகு வந்த அலை அது. அதற்கு முன்பு அமெரிக்காவின் கிழக்குக் கரை கேசினோக்களில் ஸ்டட்தான் ராஜா.

ஒவ்வொருவரும் முதலில் சிறு தொகை வைக்க வேண்டும். பிறகு ஆளுக்கு மூன்று சீட்டு: இரண்டு கவிழ்த்து, ஒன்று திறந்து. மிகக் குறைந்த திறந்த சீட்டு யாரிடமோ அவர்தான் பந்தயத்தைத் தொடங்க வேண்டும். அடுத்த மூன்று சீட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து வரும். ஏழாவது கவிழ்த்து. மொத்தம் ஐந்து சுற்றுப் பந்தயம். ஏழில் சிறந்த ஐந்தை வைத்துக் கை தீர்மானமாகும். எட்டு பேரும் கடைசி வரை நின்றால் 56 சீட்டு வேண்டுமே, கட்டில் இருப்பதோ 52 என்று கணக்குப் பிடிப்பவர்களுக்கு: அப்படி ஆனால் கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சீட்டு போடுவார்கள். ஆனால் எட்டு பேரும் நிற்கிற மேஜையில் யாருமே இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

செத்த சீட்டுகளை எண்ணுங்கள்

இப்போது உங்கள் மூன்று ஆர்ட்டினுக்கு வருவோம். ஒரு கட்டில் 13 ஆர்ட்டின். மூன்று உங்களிடம், மீதி பத்து. உங்கள் மூன்று சீட்டையும் மற்றவர்களின் ஏழு திறந்த சீட்டையும் கழித்தால், கண்ணுக்குத் தெரியாதவை 42.

அந்த ஏழில் ஒரு ஆர்ட்டின்கூட இல்லை என்றால், அடுத்த நான்கு சீட்டில் ஃப்ளஷ் சேர 23.6% வாய்ப்பு. ஏழில் மூன்று ஆர்ட்டின் என்றால் 12.3%தான். உங்கள் கை அதேதான். மதிப்பு பாதியாகிவிட்டது.

எதையும் பார்க்காமல் ‘மூணு ஆர்ட்டின் இருக்கு, போகலாம்’ என்று ஆடுபவருக்குத் தெரிந்த விடை 18%. முதல் நிலைமையில் அவர் தன் கையைக் குறைத்து மதிப்பிடுகிறார், இரண்டாவதில் கூட்டி மதிப்பிடுகிறார். ஸ்டட்டில் திறமை என்பதன் முதல் பாதி இந்த இடைவெளிதான். முகத்தைப் படிப்பது, கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மறைப்பது எல்லாம் சினிமா.

ஜோடிக்கும் இதே கதை. உங்களிடம் ஒரு ஜோடி எட்டு இருக்கிறது, மீதி இரண்டு எட்டும் வெளியே தெரியவில்லை என்றால், மூன்றாவது எட்டாவது வர 18% வாய்ப்பு. யாரோ ஒருவர் முன்னால் ஒரு எட்டு திறந்து கிடந்தால் 9.5%. இரண்டும் கிடந்தால் பூஜ்யம்.

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், ஆட்டத்தை விட்டு விலகுபவர்கள் தங்கள் திறந்த சீட்டையும் கவிழ்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் பிறகு மேஜையில் அது இருக்காது, உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது சீட்டு வரும்போது, முதல் சுற்றில் விலகிய நான்கு பேர் என்ன காட்டினார்கள் என்று கேட்டால் பெரும்பாலானோருக்கு நினைவிருக்காது. நன்றாக ஆடக் கற்றுக்கொள்வது என்பது பெரும்பகுதி இந்த நினைவுப் பயிற்சிதான். இரண்டாவது பகுதி, அதிகம் விலகுவது. முதல் மூன்று சீட்டிலேயே ஒரே எண் மூன்றும் வருவது 425 கைக்கு ஒருமுறை. ஜோடி வருவது சுமார் 17%, ஒரே ரகம் மூன்று வருவது 5%. ஆக, பெரும்பாலான கைகளில் செய்ய வேண்டிய சரியான காரியம், ரம்மியில் ஸ்கூட் விடுவது மாதிரி, பேசாமல் விலகுவது. பணம் வைத்து ஆட உட்கார்ந்தவருக்கு அதுதான் சலிப்பு. ஐந்தாவது சீட்டிலிருந்து பந்தயத் தொகை இரட்டிப்பாகும், அதனால் ‘இன்னும் ஒண்ணு பார்ப்போம்’ என்ற ஆசைக்கு அங்கேதான் விலை அதிகம்.

ஆக, போக்கரில் திறமை இருக்கிறதா? சந்தேகமே இல்லாமல் இருக்கிறது.

நூறு ஆட்டத்தில் எதுவும் தெரியாது

இப்போது ஒரு எளிய மாதிரி. உங்கள் எதிராளியைவிட நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர். சம பந்தயத்தில் நூற்றுக்கு 52 முறை நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டம் ஆடி முடித்ததும் நீங்கள் நஷ்டத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய 31%. ஆயிரம் ஆட்டத்துக்குப் பிறகும் சுமார் 10%. பத்தாயிரம் ஆடினால்தான் அது கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

இதைத் திருப்பிப் படியுங்கள். நூற்றுக்கு 48 முறை மட்டும் ஜெயிக்கக்கூடிய ஒருவரும், முதல் நூறு ஆட்டத்தின் முடிவில் லாபத்தில் இருக்க அதே 31% வாய்ப்பு உண்டு. ஆபீஸில் யாரோ ஒருத்தர் ‘போன மாசம் இருபதாயிரம் எடுத்தேன்’ என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினாரே, அவர் திறமைசாலியா அதிர்ஷ்டசாலியா என்று அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சொல்லவே முடியாது. அவருக்கே தெரியாது. அடுத்த மாதம் பந்தயத்தை உயர்த்துவது அந்தத் தெரியாமையில்தான்.

மேஜைக்காரருக்குப் போகும் பங்கு

சரி, பத்தாயிரம் ஆட்டம் ஆடும் பொறுமை உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் 52% ஆள்தான். இப்போது ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு முறையும் குவியலில் 5% எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். ஆளுக்கு 100 ரூபாய், குவியல் 200, அதில் 10 ரூபாய் அவருக்கு. ஜெயித்தால் உங்களுக்கு லாபம் 90, தோற்றால் நஷ்டம் 100.

52 முறை 90 என்றால் 4,680. 48 முறை 100 என்றால் 4,800. நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக 120 ரூபாய் நஷ்டம்.

நீங்கள் எதிராளியைவிடத் திறமைசாலி. அவரைத் தொடர்ந்து ஜெயிக்கிறீர்கள். ஆனாலும் உங்கள் பணம் கரைகிறது. நஷ்டமில்லாமல் இருக்கவே 52.6% வேண்டும். எதிராளிக்கு இன்னும் மோசம். இந்த மேஜையில் நிச்சய வருமானம் உள்ளவர் சீட்டே தொடாதவர். நிஜ ஆட்டத்தில் பங்குக்கு உச்சவரம்பு வைப்பார்கள், விகிதமும் மாறும், ஆனால் கணக்கின் திசை இதுதான்.

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் தொகை முழுவதற்கும் 28% ஜிஎஸ்டி வந்தது. அந்த விகிதத்தில் ஆயிரம் ரூபாய் போட்டால் அதற்குள்ளேயே சுமார் 219 ரூபாய் வரியாகப் போனது. ஜெயித்தால் நிகர வெற்றியில் 30% வருமான வரி தனி.

நீதிமன்றம் கேட்ட கேள்வி வேறு

இந்தியச் சட்டத்தில் ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்ற பிரிவினை 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 1968இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. ரம்மி நிறுவனங்கள் அதிகம் மேற்கோள் காட்டிய தீர்ப்பு இதுதான். அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு: பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப்பின் உரிமையாளர் லாபம் பார்ப்பதாக ஆதாரம் இருந்தால் அது குற்றமாகலாம் என்பது. நாம் மேலே போட்ட 5% கணக்கு அந்த வரியைத்தான் தொடுகிறது. அதை யாரும் விளம்பரத்தில் போடவில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை நீண்டது. 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் தடையை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் புதுச் சட்டம். 2023 நவம்பரில் அந்தச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றை முழுசாகத் தடை செய்ய முடியாது என்றது நீதிமன்றம். பிறகு அரசு ஒழுங்குமுறைக்குப் போனது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும். 2025 ஜூனில் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. இரண்டே மாதத்தில் மத்தியச் சட்டம் வந்துவிட்டது.

என் பார்வையில், நேரக் கட்டுப்பாடு போன்ற விதிகள் வேலை செய்கின்றனவா என்று அளந்து பார்க்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. முழுத் தடையில் ஆபத்தும் இருக்கிறது. வெளிநாட்டுத் தளத்துக்குப் போகிறவருக்கு நள்ளிரவு பூட்டும் இல்லை, புகார் சொல்ல இடமும் இல்லை. ஆனால் ‘திறமை ஆட்டம்தானே’ என்ற வாதத்தை மட்டும் வைத்து இந்தத் தடையை எதிர்ப்பவர்களிடம் நான் உடன்படவில்லை. அந்த வாதம் ஆட்டத்தைப் பற்றியது. தொழிலைப் பற்றியது அல்ல.

அரசு தரப்பும் எண்ணைக் கொஞ்சம் அலட்சியமாகவே பயன்படுத்தியது. ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்றது மதிப்பீடு. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 444 ரூபாய். ஒரு குடும்ப சினிமா டிக்கெட். இதற்கா தடை என்று தோன்றும். சராசரி மறைப்பது அதைத்தான்: முக்கால்வாசிப் பேர் ஐம்பது, நூறு ரூபாயோடு நின்றுவிட, சிலர் பிஎஃப் பணத்தையும் கடன் ஆப்பையும் கரைத்தால்கூட இதே 444தான் வரும். எத்தனை பேர் எவ்வளவு இழந்தார்கள் என்ற பரவல்தான் தேவையான தரவு. நிறுவனங்களிடம் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்தக் கணக்கு இருந்தது.

கற்றுக்கொள்ள ஆசை இருந்தால்?

பணம் கட்டாமல் ஆடுவதற்குப் புதுச் சட்டத்தில் தடை இல்லை. பந்தயம் இல்லாத ஆட்டங்களைச் சமூக விளையாட்டு என்று தனியாகவே வைத்திருக்கிறது. ஸ்டட்டுக்கு ஆன்லைனே தேவையும் இல்லை. ஒரு கட்டு சீட்டு, நான்கு நண்பர்கள், சில்லறைக்குப் பதில் தீக்குச்சி. தனியாகவும் பழகலாம். எட்டு பேருக்கு மூன்று சீட்டு போட்டு, திறந்த எட்டையும் பத்து விநாடி பாருங்கள். ஐந்தைக் கவிழ்த்துவிடுங்கள். மீதி மூன்று பேருக்கு இன்னும் இரண்டு சுற்று போட்டுவிட்டு, கவிழ்ந்த ஐந்தும் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இந்தக் கட்டுரைக்காக நான் இருபது முறை செய்து பார்த்தேன். ஐந்தும் சரியாக வந்தது மூன்று முறை.