கொப்பியில் ஏறாத மருந்து

செப்டம்பர் 29 உலக இருதய தினம். உப்பைக் குறையுங்கள், சிகரெட்டை விடுங்கள், நடவுங்கள் என்ற அறிவுரைகள் இந்த வாரமும் வந்தன. ஒன்றும் பிழையில்லை. ஆனால் நான் வாசித்த எதிலும் எச்.ஐ.வி.க்கு வருடக்கணக்காக மருந்து எடுப்பவர்களின் இருதயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. இந்தத் தொற்று உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கூட. மருந்து வைரஸை அடக்கிவிட்டாலும் உடம்பின் எதிர்ப்புத் தொகுதி முழுதாக ஓய்வதில்லை. அந்த அழற்சி நாடிச் சுவரில் கொழுப்புப் படிவதை விரைவாக்குகிறது. அப்படியென்றால் மருந்தை இடைக்கிடை நிறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு 2006இல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வு பதில் சொல்லிவிட்டது: நிறுத்தியவர்களுக்கே மரணமும் இருதய நோயும் கூடின. 2023இல் 'ரிப்ரீவ்' ஆய்வு இன்னும் ஒருபடி போனது. இந்தியா உட்பட 12 நாடுகளில் 40 முதல் 75 வயதுவரையான எச்.ஐ.வி. உள்ள 7,769 பேர். பெரும்பாலானோரின் கொலஸ்ரோல் வைத்தியர் கவலைப்படும் அளவில் இல்லை. கொலஸ்ரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் வகை மருந்தான பிற்றவஸ்ரற்றின் குளிசையை நாளுக்கு ஒன்று எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன.

அந்தக் குளிசையை கிளிநொச்சி மாவட்டத்தின் பளையில் இருக்கும் ஒருவருக்கு யார் எழுதிக் கொடுப்பது? இங்கேதான் கிளினிக் கொப்பி என்ற பிரச்சினை வருகிறது. ஒரு கிளினிக்கில் நடந்தது இன்னொரு கிளினிக்குக்குத் தெரிவது நோயாளி கையில் கொண்டுபோகும் கொப்பியால்தான். பிரஷருக்கு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், எச்.ஐ.வி. மருந்துக்குத் தெரிந்த முகம் இல்லாத கிளினிக்கைத் தேடி கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிறார். அந்த மருந்து ஊர்க் கொப்பியில் ஏறுவதேயில்லை. இருதய ஆபத்தைக் கணிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையும் வயது, புகைத்தல், பிரஷர், சீனி, கொலஸ்ரோல் ஆகியவற்றைப் பார்க்கிறது, எச்.ஐ.வி.க்கு அதில் இடமில்லை. ஆகவே ஆபத்து குறைவு என்றே கணக்கு வரும். இதைவிட மோசமானதும் நடக்கலாம். ரிற்றோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்குச் சிம்வஸ்ரற்றின் என்ற ஸ்ரற்றினைக் கொடுத்தால் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். டொலுற்றெகிரவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்து எடுப்பவரின் இரத்தத்தில், சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெற்போமினின் அளவு ஏறும். எழுதிக்கொடுக்கும் வைத்தியருக்கு நோயாளி அந்த எச்.ஐ.வி. மருந்தை எடுப்பது தெரியவே வராது.

மறைப்பது நோயாளியின் பிழை, வாய் திறந்து சொன்னால் என்ன என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவரும் வரிசையில் நிற்பவரும் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கும் ஊரில் சொல்வதன் விலை பிள்ளைகளின் கலியாணம் வரை போகும். அந்த விலையைக் கட்டச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. எல்லாவற்றையும் கணினியில் இணைத்துவிடலாம் என்பதும் எனக்குச் சம்மதமில்லை; பார்க்கும் கண்கள்தான் கூடும். நான் கேட்பது வேறு. இரகசியம் ஏற்கெனவே பத்திரமாக இருக்கும் எச்.ஐ.வி. கிளினிக்கிலேயே பிரஷரும் சீனியும் கொலஸ்ரோலும் தவறாமல் பார்க்கப்பட்டு, ஸ்ரற்றினும் அங்கேயே கிடைக்க வேண்டும்.

சிலருக்காக இவ்வளவு செலவா என்றால், 2004இலிருந்து இலங்கை எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகக் கொடுத்து அவர்களை வாழவைத்திருக்கிறது. ஐம்பது வயதில் மாரடைப்புக்குக் கொடுத்துவிடவா அத்தனை பாடு? பிற்றவஸ்ரற்றின் கிடைக்காவிட்டால் அற்றோவஸ்ரற்றினையோ றோசுவஸ்ரற்றினையோ கொடுக்கலாம் என்று 2024இல் அமெரிக்க வழிகாட்டலே சொல்லிவிட்டது. எனக்குக் கனமாகப் படும் மறுப்பு ஒன்றுதான்: ஸ்ரற்றின் சீனி வருத்தத்தைச் சற்றுக் கூட்டுகிறது. ரிப்ரீவ் ஆய்வில் குளிசை எடுத்தவர்களில் 5.3 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 4 சதவீதத்தினருக்கும் அது புதிதாக வந்தது. சீனி வருத்தம் ஏற்கெனவே மலிந்த எங்கள் ஆட்களிடம் இது சின்ன விஷயமல்ல. அதனால்தான் குளிசை கொடுக்கும் மேசையிலேயே சீனியும் பார்க்க வேண்டும் என்கிறேன். வேறொரு நாளில், வேறொரு வரிசையில், வேறொரு கொப்பியோடு அல்ல.