பிச்சையல்ல, பங்கு

தில்லி வெயிலில் வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நம் கை முதலில் போவது குளிர்பதனப் பெட்டியின் கதவுக்குத்தான். அந்தப் பெட்டிக்குப் பின்னால் நம் நாடு வாதாடி வென்ற ஒரு வழக்கு உண்டு.

பழைய பெட்டிகளில் இருந்த குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயு, பூமிக்குக் குடையாக உள்ள ஓசோன் படலத்தை அரித்து வந்தது. அதை ஒழிக்க 1987இல் மாண்ட்ரியலில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவும் சீனாவும் அதில் உடனே சேரவில்லை. "பெருமளவு பயன்படுத்தியவை பணக்கார நாடுகள்; மாற்றுத் தொழில்நுட்பத்தின் செலவை மட்டும் நாங்கள் சுமப்பதா?" என்பது நம் கேள்வி. 1990இல் லண்டன் கூட்டத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதற்காக உறுதியாக நின்றார். அந்தக் கூட்டத்தில்தான் பன்னாட்டு நிதி ஒன்றுக்கு வழி பிறந்தது. 1992இல் இந்தியாவும் சேர்ந்தது.

அந்த நிதியின் நிர்வாகக் குழுவில் வளர்ந்த நாடுகளுக்கு ஏழு இடம், வளரும் நாடுகளுக்கும் ஏழு இடம். ஆலைகள் மாறுவதற்கான கூடுதல் செலவுக்குப் பெரும்பாலும் மானியமாகவே பணம் தரப்பட்டது. சில மருத்துவத் தேவைகள் நீங்கலாக, 2010இல் வளரும் நாடுகளும் அந்த வாயுவைக் கைவிட்டன. ஓசோன் படலம் இன்று மெல்லத் தேறி வருகிறது.

பருவநிலை மாற்றத்துக்கான நிதியின் கதையோ வேறு. 2020க்குள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தார்கள். அந்தத் தொகை 2022இல்தான் எட்டப்பட்டது. அவ்வாண்டு அரசுகளின் வழியே வந்த பணத்திலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன்! அண்டை வீட்டார் இடித்த சுவரைக் கட்ட அவரிடமே கடன் வாங்குவது என்ன நியாயம்? 2024இல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி டாலர். பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டுவதாக ஏற்றது, 2035க்குள் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி. இந்தியா அந்த அவையிலேயே ஆட்சேபம் தெரிவித்தது சரியே.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. வரும் பணம் எந்த ஊருக்கு, எந்த வேலைக்குப் போயிற்று என்ற கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கணக்கைத் திறந்து வைப்பவன்தான் பங்கை உரக்கக் கேட்க முடியும்.

சரிபாதி இடமும் மானியமும் கிடைத்த இடத்தில் உலகம் ஒன்றாக வேலை செய்து காட்டியது. புதிதாக எதையும் நாம் கேட்கவில்லை. 1990இல் ஒப்புக்கொண்ட நியாயத்தையே மறுபடியும் கேட்கிறோம்.