ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு! பாடம் ஏறுமா?
தறி ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன பலன்?

காஞ்சீபுரம்—

"எங்க பள்ளிக்கூடத்திலே பெரிய டி.வி. மாட்டியிருக்காங்க!"

அரசு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து இப்படித்தான் சொல்கிறார்கள்.

அது டி.வி. அல்ல. தொட்டால் வேலை செய்யும் பலகை. விரலால் எழுதலாம், அழிக்கலாம். படத்தைப் பிடித்து இழுத்து இடம் மாற்றலாம். நேற்று எழுதியதை இன்றைக்குத் திரும்ப வரவழைக்கலாம். "ஸ்மார்ட் போர்டு" என்று பெயர்.

தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டம் 2024 ஜூன் மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு சுமார் ரூ.455 கோடி! 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கம்ப்யூட்டரும் உண்டு.

பணம் போட்டாச்சு. பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுமா?

லண்டனில் நடந்தது

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே இங்கிலாந்து கேட்டுப் பார்த்துவிட்டது. 2003-ம் ஆண்டு வாக்கில் அங்கே பள்ளிக்கூடங்களில் இந்தப் பலகைகளை வாங்கி மாட்டினார்கள்.

லண்டன் பள்ளிகளை ஆராய்ந்த நிபுணர்கள் 2007-ல் அறிக்கை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் குஷி, ஆசிரியர்களுக்கும் குஷி. ஆனால் பலகை வந்த முதல் ஆண்டில் மார்க் சொல்லும்படி ஏறவில்லை!

தொடக்கப் பள்ளிகளில் நடந்த இன்னொரு ஆய்வில் முதல் வருஷம் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாவது வருஷம் அதுவும் நிற்கவில்லை.

காரணம் என்ன? பலகை வந்ததும் பாடத்தின் வேகம் கூடியது. படம் மாறிக்கொண்டே இருந்தது. ஆசிரியர் முன்னால் நின்று காட்டுவதும், பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பதும் மாறவில்லை.

தறிக்காரருக்குத் தெரியும்

இந்தச் சங்கதி காஞ்சீபுரத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். தறி மேலே ஜக்கார்டு பெட்டி ஏறியதால் புட்டா போடுவது சுலபமாச்சு. அதற்காகப் பெட்டியே புடவை நெய்துவிடுமா? நெய்கிறவர் கை வேண்டும்.

அதுவும் கோர்வைப் புடவை என்றால் ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. மறுபக்கத்திலிருந்து நாடா தள்ள இன்னொரு கை இருந்தால்தான் கரை சேரும். வகுப்பும் அப்படித்தான். டீச்சர் ஒரு பக்கம் நாடா தள்ளினால், மறுபக்கம் பிள்ளைகள் தள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த மறுபக்க நாடாவுக்குச் சின்னப் பிள்ளைகளைத்தான் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வயசு! பல வருஷம் போராடி அவர்களைத் தறியிலிருந்து எழுப்பி வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே வந்த பிள்ளை சும்மா படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், படிப்பு ஏறாமல் மறுபடி கூலி வேலைக்குத்தான் போகும்.

எப்படி நடத்தலாம்?

கெட்டிக்கார ஆசிரியைகள் செய்யும் முறை சிக்கலானது அல்ல.

கணக்குப் பாடத்தில் சமச்சீர் வருகிறது. கோபுரக் கரையில் பாதியை மட்டும் பலகையில் காட்டி, "மீதிப் பாதி எப்படி இருக்கும்? வந்து போடு" என்று ஒரு பிள்ளையை அழைக்கலாம். மற்றவர்கள் அதே நேரம் நோட்டில் போட வேண்டும். பிறகு மறைத்து வைத்த பாதியைத் திறந்து காட்டினால், யார் எங்கே தப்பு செய்தார் என்பது அவரவருக்கே தெரிந்துவிடும்.

பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் பாலும் பழமும் கட்டம் இருக்கிறது. குறுக்கே எட்டு, நெடுக்கே ஆறு. மொத்தம் எத்தனை கட்டம்?

வீடியோ போடலாம். தப்பில்லை. நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டும். பீரியடு முழுக்க ஓடவிட்டால் அது சினிமா.

நேற்று பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்கைச் சேமித்து வைத்து, இன்று முதல் ஐந்து நிமிஷம் அதையே திருத்தச் சொல்லலாம். கரும்பலகையால் முடியாத காரியம் இது. ஆனாலும் கரும்பலகையைக் கழற்றிவிடக் கூடாது. கரண்ட் போனால் சாக்பீஸ்தான் துணை!

ரிப்பேர் ஆனால்?

1987-ல் மத்திய அரசு "கரும்பலகைத் திட்டம்" கொண்டு வந்தது. குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கரும்பலகை, பாடக் கருவிகள் என்பது திட்டம். வாங்கிய சாமான் உடைந்துவிடுமோ என்று பயந்து அதைப் பீரோவில் பூட்டி வைப்பது பள்ளிக்கூடங்களில் பழைய வழக்கம். இப்போது வந்திருப்பது அதைவிட விலை உயர்ந்த பொருள். பயமும் அதிகம்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுத்தபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2018-ல் "லிட்டில் கைட்ஸ்" என்று உயர்நிலைப் பள்ளி மாணவர் மன்றங்கள் தொடங்கி, கருவிகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளையே பழக்கினார்கள்.

இங்கேயும் அது வேண்டும். ஒரு நாள் பயிற்சி போதாது. பலகையைப் பழகிய ஆசிரியை பக்கத்துப் பள்ளி ஆசிரியைக்குச் சொல்லித்தர மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் செலவே இல்லை. பழுதானால் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நாளில் வருவார் என்பதைத் தலைமை ஆசிரியர் அறையில் எழுதி ஒட்ட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாயந்திரம் பிள்ளை வந்ததும், "இன்னிக்கு போர்டுலே என்னடா படம் போட்டாங்க?" என்று கேட்க வேண்டாம்.

"நீ எழுந்து போய் என்ன எழுதினே?" என்று கேளுங்கள்.

பதில் வந்தால், ரூ.455 கோடியில் உங்கள் வீட்டுப் பங்கு வந்து சேர்ந்தது என்று அர்த்தம்!