காப்பதற்கும் ஒரு கட்டளை வேண்டும்

எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபத்துக்கு 1945இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1947 அக்டோபரில் திறப்புவிழா நடந்தது. கல்கி தம் இதழின் வழியாக வாசகர்களிடம் திரட்டிய நிதியில் எழுந்த கட்டடம் அது. அதே வட்டாரத்தில், ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வைத்து முதல் திரட்டினார். அது கொடையல்ல, முதலீடு. ஆனாலும் பொதுக்காரியத்தை நம்பிப் பணம் போடும் மனம் இந்த மண்ணில் இருந்ததற்கு அது சாட்சி. கோயிலுக்குக் கொடுப்பார்கள், அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று நம் துறையில் சலித்துக்கொள்வதை இனி விட்டுவிடலாம். மக்கள் கொடுக்கிறார்கள், நாம்தான் கட்டடத்துக்கு மட்டுமே கேட்கிறோம்.

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளை விட்டார்கள். அந்த மந்தை குறையாமல் பார்த்துக்கொண்டு, நாள்தோறும் நெய் அளப்பது இடையரின் பொறுப்பு. கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள், செய்ய வேண்டிய வேலை எல்லாம் கல்லில் இருந்தன. நம் அருங்காட்சியகங்களுக்கு வேண்டியது இந்த ஏற்பாடுதான். ஆதிச்சநல்லூர்ப் புதைகுழிகளில் கிடைத்தவற்றைப் போன்ற இரும்புக் கருவிகளை எடுத்துக்கொள்வோம். உப்பேறிய இரும்பு ஈரக்காற்றுப் பட்டால் செம்பழுப்பாகக் கசியும், பிறகு செதில் செதிலாக உதிரும். பெட்டிக்குள் வைக்கும் சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானதும் எடுத்துச் சூடாக்கி மறுபடி வைக்க வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. ஆனால் ஆண்டு முழுக்க ஓர் ஆள் கவனிக்க வேண்டும். திறப்புவிழாக் கல்வெட்டில் இந்த வேலைக்கு இடமில்லை என்பதால் இதற்கு யாரும் பணம் கேட்பதுமில்லை.

வரிச்சலுகையைக் கூட்டினால் போதும் என்பாருண்டு. சலுகை உதவும், ஆனால் அதன் எல்லை குறுகியது. புதிய வரிமுறையில் இருக்கும் தனிநபருக்கு நன்கொடைக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் பணத்துக்குத்தான் கழிவு, வீட்டுப் பரணிலிருந்து எடுத்துத் தரும் ஏட்டுச்சுவடிக்கு இல்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை மரபுச் சின்னங்களுக்கும் கலைக்கும் செலவிட 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 2021 முதல் அதை வைப்பு முதலாக ஏற்க முடியாது. ஆகவே நம் வட்டாரத்து ஆலைகளிடம் கருவிகளையும் சில ஆண்டுத் திட்டங்களையும் கேட்போம். நிலையான முதலை ஊராரிடமும் குடும்பங்களிடமும்தான் திரட்ட வேண்டும்.

தனியார் பணம் வந்தால் அரசு கைகழுவிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. இல்லம் போன்ற அரசு நினைவகங்களில் ஊதியம், கூரை, காவல் மூன்றும் அரசின் கடமையாகவே இருக்க வேண்டும். அவற்றுக்குக் கொடையைத் தொடக்கூடாது. கொடுப்பவர் தம் சாதிக்கோ நிறுவனத்துக்கோ ஏற்றபடி வரலாற்றை எழுதச் சொல்வார் என்ற கவலை இதைவிடப் பெரிது. காட்சிப்பொருளைத் தேர்வதிலும் விளக்கப் பலகை எழுதுவதிலும் கொடையாளருக்கு உரிமை இல்லை என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். அதற்கு உடன்படாத பணத்தை, எவ்வளவு பெரிதானாலும், திருப்பி அனுப்புவதே முறை.

காப்பாட்சியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச்சில் கணக்கு முடிவதற்குள், உங்கள் சேகரிப்பில் ஒரு பொருளைத் தேர்ந்து, அதைக் காக்க ஆண்டுக்கு ஆகும் செலவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அதை வைத்து ஊராரிடம் கேளுங்கள். வந்த தொகையையும் செலவையும் வாசலில் ஒட்டுங்கள்.