ஒயின் இல்லாத ஒயின் ஷாப்

சேலத்திலிருந்து நாமக்கல் வரை எந்த ஊரில் வழி கேட்டாலும் 'ஒயின் ஷாப்' ஓர் அடையாளமாகச் சொல்லப்படும். அங்கே விற்பனையாவதோ பெரும்பாலும் பிராந்தியும் ரம்மும் பீரும்தான். பெயரில் மட்டும் எஞ்சிவிட்ட அந்தத் திராட்சை மதுவைப் பற்றி ஒரு தமிழாசிரியன் எழுதுவதில் பிழையில்லை. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட உண்டு மகிழுமாறு கூறுவது புறநானூற்றின் 56ஆம் பாடலில் உள்ளது. அரிக்கமேட்டு அகழாய்வில் யவனரின் மதுச்சாடிச் சில்லுகளும் கிடைத்தன. அன்று அரசனுக்கு வாய்த்தது இன்று மாதச் சம்பளக்காரனுக்கு வாய்க்குமா என்பதே கேள்வி.

வாய்க்காது என்போர் இரு வகையினர். விலை உயர்ந்ததே நல்ல ஒயின் என்பது முதல் வகையினரின் வாதம். இந்தியாவில் இறக்குமதி ஒயினுக்குப் பல ஆண்டுகளாக 150 விழுக்காடு சுங்கவரி இருந்தது. அதன்மேல் மாநில வரிகள் வேறு. அந்த விலையில் பெரும்பகுதி சுவைக்குக் கொடுத்ததன்று, வரிக்குக் கொடுத்தது. எளிய வருவாயினர் நாசிக்கிலும் பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பகுதியிலும் விளையும் ஷிராஸ், காபர்னே சாவிஞ்ஞான் ஆகிய சிவப்பு வகைகளை நாடலாம். புட்டியில் திராட்சையின் வகையும் அறுவடை ஆண்டும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் 'போர்ட்' என்று மலிவாக விற்பது பெரும்பாலும் சர்க்கரை கூட்டிய மது. போர்த்துகலின் போர்ட்டுக்கும் அதற்கும் உறவு பெயரளவே. தக்கைக்குப் பதில் திருகுமூடி இருந்தால் இழிவில்லை. மலிவான சிவப்பு ஒயின் வைத்திருந்தால் மேம்படாது. இளமையிலேயே அருந்திவிட வேண்டும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் அருந்துக என்ற விதியை நம்மவர் அப்படியே மனனம் செய்திருக்கிறார்கள். அது ஐரோப்பியரின் அறை. 16 முதல் 18 பாகை. சித்திரை மாதத்துச் சேலத்து அறையில் அந்த ஒயின் கஷாயமாகிவிடும். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைப்பதே அறிவுடைமை. வெயில் படும் அலமாரியில் நிற்கும் புட்டியை, தள்ளுபடியில் தந்தாலும், வாங்காதீர்கள்.

எல்லா மதுவும் ஒன்றே, அதில் தரமென்ன என்பது இரண்டாம் வகையினரின் வாதம். இம்மண்ணில் அதற்கு வரலாறு உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் அன்று அதனுள் அடக்கம். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியை விதித்தார். உடன்படாதோரும் மதிக்கத்தக்க நேர்மை அது. 2003 முதல் சில்லறை விற்பனையைத் தானே ஏற்றிருக்கும் அரசுக்கு, எல்லாம் ஒன்றே என்று சொல்லும் உரிமை கிடையாது. ஒயினில் சாராயம் 12 முதல் 14 விழுக்காடு, பிராந்தியில் 42.8. இவ்வேறுபாட்டை உணர்ந்து மகாராட்டிரம் 2001இலும் கர்நாடகம் 2007இலும் ஒயினுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை வைத்துக்கொண்டிருக்கும் நாம் என்ன செய்தோம்?

ஒயின் இதயத்துக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த அளவு மதுவும் தீங்கற்றதன்று என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்துவிட்டது. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியதையும் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். குடிக்காதவருக்கு இக்கட்டுரை தேவையில்லை. மாதம் ஒரு புட்டி வாங்கி, உணவோடு இரண்டு பேர் பகிர்ந்து அருந்த விரும்புகிறவரைப் பற்றியே பேசுகிறேன். விரைவில் போதை ஏறுவதே மதுவின் பயன் என்று கருதும் விற்பனைமுறையில் அவருக்கு இடமில்லை. அளவோடு நிற்க விரும்புகிறவரையும் அது கடுமதுவை நோக்கியே தள்ளுகிறது.

நிழலில் ஓர் அலமாரி, அதில் ஆண்டு தெரியும் நான்கைந்து உள்நாட்டு ஒயின்கள், நியாயமான வரி. கேட்பது இவ்வளவே. இயலாதெனில் மக்கள் நாவிலிருந்து 'ஒயின் ஷாப்' என்ற பெயரையாவது அரசு மீட்டுத் தரட்டும்.