சத்திரசிகிச்சையும் சாமானியர் வாய்மொழியும்

நம்மவர் மத்தியிலே 'ஒப்பறேசன் கதை' என்றொரு தொடர் வழங்கி வருகின்றது. பஸ் வண்டியிலோ, கோயில் வீதியிலோ, செத்தவீட்டு முற்றத்திலோ ஒருவர் தமக்கு நடந்த சத்திரசிகிச்சையைப் பற்றி வாய்திறந்தாற் போதும். கேட்டிருப்போருட் படித்தவர் எனப்படுபவர் முகஞ்சுழிப்பார். "தொடங்கிவிட்டார்கள்" என்று முணுமுணுத்தபடி எழுந்து செல்வார். வேலையற்றோர் வம்பு, கிழவிகளின் புலம்பல், தன்னிரக்கம் என்றெல்லாம் அப்பேச்சுக்குப் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. இலக்கிய விமர்சகர் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, நோயும் வலியும் தனிமனித விவகாரங்கள், சமுதாயத்தோடு அவற்றிற்குத் தொடர்பில்லை எனத் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரும் இத்தீர்ப்பினைத் தலையசைத்து ஏற்றுக்கொள்வதுதான் நமக்கு வியப்பை அளிக்கின்றது. இந்த இகழ்ச்சி எங்கிருந்து பிறக்கின்றது, யாருக்கு நன்மை செய்கின்றது என்பதை ஆராய்தல் நமது கடனாகும்.

முதலில் அக்கதைகளைச் செவிமடுத்துப் பார்ப்போம். கத்தியின் கீழ்க் கிடந்து மீண்டவர் பெரும்பாலும் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. தாலிக்கொடியையும் தோட்டையும் கழற்றி மகளின் கையிற் கொடுத்த கணத்தைச் சொல்கிறார். தள்ளுகட்டிலிற் படுத்தபடி கூரையிலுள்ள விளக்குகளை எண்ணிக்கொண்டு போனதைச் சொல்கிறார். கூடத்தின் குளிரை, முதுகில் ஊசி ஏற்றியபின் தன் கால்கள் வேறெவருடையனவோ போற் கிடந்ததை, திரைக்கு அப்பால் வைத்தியர்கள் கிறிக்கெற் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைச் சொல்கிறார். கண்விழித்து, நாவறண்டு தண்ணீர் கேட்டபோது நனைத்த பஞ்சினால் உதட்டைத் துடைத்துவிட்ட தாதியின் முகத்தை இருபது வருடம் கழித்தும் வர்ணிக்கின்றார். என்ன நோய், எதை வெட்டினார்கள் என்று கேட்டாற் பலருக்குத் தெரியாது.

இவற்றைத் தொகுத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். மனிதன் தன் உடலை முழுவதும் பிறர் கையில் ஒப்படைக்கும் சந்தர்ப்பங்கள் வாழ்வில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றில், அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும், ஆணையிடுபவனுக்கும் ஆட்படுபவனுக்கும் இடையிலுள்ள உறவு ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றது. அந்த உறவைப் பற்றிய வாக்குமூலமே 'ஒப்பறேசன் கதை'. அது சமுதாயத்தைப் பற்றியதன்று எனில், வேறெதுதான் சமுதாயத்தைப் பற்றியது?

வாக்குமூலம் எழுத்தாவதற்கு எழுதுபவருக்கு ஓய்வும், கல்வியும், கேட்பாரும் வேண்டும். ஆங்கில நாவலாசிரியை ஃபனி பேர்ணிக்கு இவை மூன்றும் வாய்த்தன. 1811 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி, பாரிஸ் நகரிலே தம் வீட்டிலேயே அவர் மார்பக அறுவைக்கு உட்பட்டார். கத்தியெடுத்தவர் நெப்போலியனின் படை வைத்தியராகப் புகழ்பெற்ற லாறே. உணர்விழக்கச் செய்யும் மருந்து அன்று கிடையாது. கொஞ்சம் மதுக்கலவை மாத்திரமே கொடுக்கப்பட்டது. கறுப்புடை தரித்த ஏழு ஆண்கள் கேளாமலே அறையினுட் புகுந்ததையும், முகத்தின்மேல் இடப்பட்ட மெல்லிய கைக்குட்டையின் ஊடாகக் கத்தியின் மினுக்கத்தைத் தாம் கண்டதையும், தம் எலும்பிற் கத்தி சுரண்டுவதை உணர்ந்ததையும் அவர் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார். எழுதி முடிக்கப் பல மாதங்கள் சென்றன. எழுதியதைத் திரும்ப வாசிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அதன்பின் 1840 வரை உயிர்வாழ்ந்தார். அக்கடிதத்தில் நம் கவனத்தை ஈர்ப்பது வலியின் வர்ணனை மட்டுமன்று. பணிப்பெண்களை வெளியேற்றுமாறு வைத்தியர்கள் கட்டளையிட்டபோது அவர் மறுத்து வாதாடியதும் அதிலுண்டு. வேலை முடிந்தபின் லாறேயின் முகம் வெளிறி இரத்தந் தெறித்துக் காணப்பட்டதையும் அவர் குறித்து வைத்தார். கிடந்தவள் நின்றவனைப் பார்த்திருக்கின்றாள். நின்றவனும் வேதனைப்பட்டான் என்பதை உலகுக்குச் சொன்னவள் அவளே.

இனி மறுபுறத்தைக் காண்போம். 1845 முதல் 1849 வரை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, மொன்ற்கொமறி நகரில், மரியன் சிம்ஸ் என்னும் வைத்தியர் பிரசவத்தாற் சிறுநீர்ப்பையிற் கிழிவு ஏற்பட்ட அடிமைப் பெண்கள் சிலரைக் கொண்டு புதிய சத்திரசிகிச்சை முறையொன்றினைப் பரீட்சித்தார். அனார்க்கா, பெற்சி, லூசி என்ற மூவரின் பெயர்கள் மாத்திரம் எஞ்சியுள்ளன. அனார்க்கா என்ற பெண் முப்பது தடவை அறுக்கப்பட்டாள். 1846 ஒக்டோபரில் பொஸ்ரன் நகரிலே ஈதரின் பயன் பகிரங்கமாக நிரூபிக்கப்பட்ட பின்னரும் அப்பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்களது சம்மதம் என்று ஒன்றிருந்ததா? அவர்களை விற்கவும் வாங்கவும் உரிமையுடைய எசமானரின் சம்மதமே சட்டத்துக்குப் போதுமானதாயிருந்தது. சிம்ஸ் சுயசரிதை எழுதினார். அவருக்கு நியூயோர்க்கிலே சிலையும் எழுந்தது. அச்சிலை மத்திய பூங்காவிலிருந்து அகற்றப்பட்டது 2018 ஏப்பிரலிற்றான். அனார்க்கா எழுதிய ஒரு வரிதானும் இல்லை. முப்பது தடவை கத்தியின் கீழ்க் கிடந்தவளின் அனுபவத்தை, முப்பது தடவை கத்தி பிடித்தவனின் எழுத்திலிருந்தே நாம் ஊகிக்க வேண்டியுள்ளது. வலி தனிமனித விவகாரம் என்போர் இந்த இரு பெண்களையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பாராக.

"மயக்கத்திற் கிடந்தவன் சொல்லை எப்படி நம்புவது?" என்று விஞ்ஞானத்தின் பெயரால் வினவுவோரும் உளர். இது செவிசாய்க்க வேண்டிய வினாவே. ஆயின் விஞ்ஞானமே இதற்கு விடை பகர்ந்துவிட்டது. அறுவையின் நடுவே தமக்கு உணர்வு வந்ததென்றும், கைகால் அசைக்க இயலாமற் பேச்சுக் கேட்டுக் கிடந்தோமென்றும் கூறியோர் நெடுங்காலமாகக் கனவு கண்டவர்களாகவே கணிக்கப்பட்டனர். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் மயக்கமருந்து வைத்தியர்கள் இத்தகைய முறைப்பாடுகளை நாடளாவிய ரீதியில் திரட்டி 2014 இல் வெளியிட்டனர். பொது மயக்கத்துக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் இவ்வாறு முறையிட்டிருந்தனர். பொது மயக்கத்திற் சிசேரியன் செய்யப்பட்ட தாய்மாரிலோ 670 பேருக்கு ஒருவர். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுக்கப்பட்டோரிடமே இது பெரிதும் நேர்ந்தமையும் தெரிய வந்தது. அவ்வாய்வு உணர்த்திய வேறொன்று நமக்கு இன்னும் முக்கியமானது. தமக்கு என்ன நிகழ்கின்றது என்பதை அந்நேரத்தில் விளங்கிக்கொண்டோர்க்குப் பிற்கால மனத்துயர் குறைவாயிருந்தது. விளங்காதோரே ஆண்டுக்கணக்காக அஞ்சி வாழ்ந்தனர். இவ்வளவும் நோயாளர் சொன்ன 'கதை'களிலிருந்தே அறியப்பட்டன.

விளங்கிக்கொள்ளுதல் என்றதும் மொழியின் பிரச்சினை வந்துவிடுகின்றது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே வைத்தியம் செய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1860 களில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும், 'இரணவைத்தியம்' என்ற பெயரிற் சத்திரசிகிச்சை நூலையும் தமிழிலே அச்சேற்றினார். அவருடைய மதநோக்கம் நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் வெட்டப்படுபவனின் மொழியை வெட்டுபவன் கற்றிருக்க வேண்டும் என்ற எளிய நியாயத்தை அவர் உணர்ந்திருந்தார். கொழும்பில் 1870 இல் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் ஆரம்பமாயிற்று; ஆங்கிலமே இன்றளவும் வைத்தியக் கல்வியின் மொழி. 1987 ஆம் ஆண்டு, அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு அது எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கின்றது?

மலையகப் பாடசாலையொன்றில் நாம் கற்பித்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'மறக்க முடியாத நாள்' என்ற தலைப்பில் எழுதிய கட்டுரை நம்மிடம் வந்தது. (ஒரு நாணயம் தன் வரலாறு கூறுதல், ஒரு குடை தன் கதை கூறுதல் என்று உயிரற்ற பொருள்களையெல்லாம் பேசவைக்கும் நமது கட்டுரைப் பாடத்தில் மனிதர் பேசுவதற்கு எஞ்சிய தலைப்புகள் இரண்டொன்றே.) அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவர். ஆஸ்பத்திரியில் வைத்தியர் சிங்களத்தில் விளக்கினார், தாய்க்கு விளங்கவில்லை, பாடசாலையிற் சிங்களம் கற்ற மகள் மொழிபெயர்த்தாள். கருப்பையை அகற்ற வேண்டும் என்பது வைத்தியர் கூற்று. 'கருப்பை' என்ற சொல்லை விஞ்ஞானப் புத்தகத்தில் அவள் படித்திருக்கின்றாள். ஆனால் ஆண்கள் நிற்கும் இடத்திலே, பெற்ற தாயிடம், அச்சொல்லைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "வயித்துல இருக்கிற கட்டிய எடுக்கப் போறாங்களாம்மா" என்றாள். தாய் ஒப்பமிட்டார். மாதவிலக்கு ஏன் திரும்ப வரவில்லை என்று எட்டு மாதங்கள் கழித்து மருத்துவ மாதுவிடம் விசாரித்தபோதே தாய்க்கு உண்மை தெரிந்தது. அன்றிரவு தாய் தன்னோடு பேசவில்லை என்பதோடு கட்டுரை முடிந்திருந்தது.

அச்சிகிச்சை அவசியமானதாகவே இருந்திருக்கலாம். அது தாயின் உயிரைக் காத்திருக்கவும் கூடும். அவ்வைத்தியர் கொடியவருமல்லர்; ஒரே காலையிற் பல நோயாளரைப் பார்க்க வேண்டிய மனிதர். நாம் கேட்பது இதுவே: பதினான்கு வயதுச் சிறுமியின் வெட்கத்தின்மீது ஒரு நாட்டின் வைத்தியசாலை தன் சம்மதப் பத்திரத்தை நிறுத்தி வைக்கலாமா? 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டோருக்கு அரசு பணம் வழங்கிய நாடு இது. வறுமையிற் பெற்ற சம்மதமும் விளங்காமற் பெற்ற சம்மதமும் சம்மதமாகுமோ?

இவ்விடத்து எதிர்வாதி குருநாகலைச் சுட்டிக்காட்டுவார். நன்று, நாமே அதனை எடுத்துக்கொள்வோம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்கு அடுத்த மாதம், குருநாகல் வைத்தியசாலையில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிசேரியன் செய்யும்போது ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தாரென்று நாளிதழொன்று செய்தி வெளியிட்டது. அவ்வைத்தியர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தனர். குற்றச்சாட்டை நிரூபிக்கச் சான்றில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. "பார்த்தீரா, நோயாளர் பேச்சை நம்பினால் விளைவது இதுதான்" என்பர். நாம் இதனை நேர்மாறாகவே காண்கின்றோம். அப்பெண்கள் தம் அனுபவத்தைக் கூறவில்லை. இனவாதிகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அச்சத்தைக் கூறினர். அந்த அச்சம் ஏன் அவ்வளவு எளிதாக வேர்கொண்டது? தன் வயிற்றைத் திறந்து என்ன செய்தார்கள், எப்படித் தைத்தார்கள் என்பதைத் தாய்க்கு அன்றே ஒருவர் இருந்து விளக்கியிருந்தால், எந்தப் பத்திரிகைக்காரன் வந்து வேறு கதை கூறியிருக்க முடியும்? தன் உடலின் வரலாற்றை அறியாதவளிடம் எவனும் வந்து அதனை எழுதிவிடலாம். அங்கே பலியானவர்கள் இருசாரார்: அவ்வைத்தியர் ஒருபுறம், வீணே கலங்கிய அத்தாய்மார் மறுபுறம்.

சத்திரசிகிச்சையை நாம் பழிக்கின்றோம் என்று எவரும் திரித்துக் கூறுதல் வேண்டா. கூலித்தொழிலாளிக்கும் கட்டணமின்றி வயிற்றைத் திறந்து உயிர்காக்கும் அரசாங்க வைத்தியசாலை இந்நாட்டு மக்களின் அரும்பெரும் உடைமை. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டினாற் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டபோது பணமுள்ளோர்க்குத் தனியார் வைத்தியசாலை என்றொரு வழியேனும் இருந்தது. திகதிக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த ஏழைக்கு எந்த வழியுமில்லை. அக்காத்திருப்பும் சத்திரசிகிச்சை அனுபவத்தின் ஒரு பகுதியே. அதனையும் எழுதியோர் அரிது. வேலைநிறுத்தத்தையும் சாதிக்கொடுமையையும் துணிந்து எழுதிய நமது முற்போக்கு இலக்கியம், வைத்தியசாலை வாட்டின் வாயிலில் வந்தவுடன் ஏனோ செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுவிடுகின்றது.

ஆகவே, சுகாதார அமைச்சை நோக்கி நமது கோரிக்கை திட்டவட்டமானது. சம்மதப் பத்திரம் தமிழில் அச்சிடப்பட்டிருத்தல் மட்டும் போதாது. நோயாளியின் மொழியறிந்த, வயதுவந்த, பயிற்சிபெற்ற ஒருவர் அதனை வாய்மொழியாக விளக்க வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குதல் அடியோடு நிறுத்தப்படல் வேண்டும். வீடு திரும்பும்போது, என்ன செய்யப்பட்டது என்பதை நோயாளிக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களும் மாணவரும் செய்யக்கூடியது வேறு. வீட்டிலும் அயலிலும் கத்தியின் கீழ்க் கிடந்து மீண்டோர் இருப்பர். அவர்களின் இசைவுடன், அவர்கள் சொல்லிலேயே, திருத்தாமல் அக்கதைகளை எழுதுக. பெயர்களை மறைத்துவிடுக. 'கருப்பை' முதலிய சொற்களைத் தயக்கமின்றி வகுப்பறையில் உரத்துச் சொல்லிக் கற்பிக்குக. அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.