பல்லேகலையில் கைநழுவிய ஆட்டங்கள்

தோல்விகளில் இரண்டு வகை உண்டு. பலம் மிக்க அணியிடம் தோற்பது ஒருவகை. அதில் வருத்தம் இருந்தாலும் வெட்கம் இல்லை. வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டே அதை நழுவ விடுவது இன்னொரு வகை. கண்டி நகரிலிருந்து மகாவலியைக் கடந்து பல்லேகலைக்குச் சென்று இலங்கை அணியின் ஆட்டங்களைப் பார்க்கும் ரசிகர்களுக்கு இந்த இரண்டாவது வகையே அதிகம் பழக்கமாகிவிட்டது.

2024ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் நான்கு நாள்களுக்குள் பல்லேகலையில் இந்தியாவுக்கு எதிராக மூன்று இருபது20 ஆட்டங்கள் நடைபெற்றன. முதல் ஆட்டத்தில் 214 என்ற இலக்கைத் துரத்திய இலங்கை, ஒரு விக்கெட்டுக்கு 140 ஓட்டங்கள் என்ற நிலையில் இருந்தது. பெத்தும் நிஸ்ஸங்க 79 ஓட்டங்களைக் குவித்திருந்தார். அங்கிருந்து 30 ஓட்டங்களுக்குள் ஒன்பது விக்கெட்டுகள் சரிந்தன. மறுநாள் இரண்டாவது ஆட்டம். அதில் கடைசி 31 ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகள். மழையால் சுருங்கிய இலக்கை இந்தியா எளிதாக எட்டியது.

மூன்றாவது ஆட்டத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. இந்தியா எடுத்தது வெறும் 137. இலங்கை ஒரு விக்கெட்டுக்கு 110. இன்னும் 28 ஓட்டங்கள் போதும்; கையில் ஒன்பது விக்கெட்டுகள். குசல் மெண்டிஸ் ஆட்டமிழந்ததும் சரிவு தொடங்கியது. கடைசி இரண்டு ஓவர்களில் ஒன்பது ஓட்டங்கள் தேவை என்றிருந்தபோது, சர்வதேச இருபது20 ஆட்டங்களில் அதற்குமுன் பந்துவீசியே இராத ரிங்கு சிங்கும் சூர்யகுமார் யாதவும் ஆளுக்கு ஓர் ஓவர் வீசினார்கள். இருவரும் இரண்டிரண்டு விக்கெட்டுகளை எடுத்தார்கள். 22 ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகளை இழந்து ஆட்டம் சமநிலையில் முடிந்தது. சுப்பர் ஓவரில் இலங்கை இரண்டு ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளையும் இழந்தது. இந்தியாவுக்கு ஒரே ஒரு பந்து போதுமானதாயிற்று.

இது ஒரு மாலையின் விபத்து என்று ஆறுதல் கொண்டவர்களுக்கு 2025 செப்டெம்பரில் துபாய் பதில் சொன்னது. ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியாவின் 202 ஓட்டங்களை இலங்கை துரத்தியது. நிஸ்ஸங்க 107 ஓட்டங்கள் எடுத்தார். கடைசி ஓவரில் 12 ஓட்டங்கள் தேவை என்றிருந்தபோது முதல் பந்திலேயே அவர் ஆட்டமிழந்தார். மறுபடியும் சமநிலை, மறுபடியும் சுப்பர் ஓவர், மறுபடியும் இரண்டு ஓட்டங்கள், இரண்டு விக்கெட்டுகள், மறுபடியும் இந்தியா ஒரே பந்தில் வென்றது. ஓர் ஆண்டு இடைவெளியில் ஒரே கணக்கு இரண்டு முறை வந்தால் அதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்வது சோம்பேறித்தனம்.

'நம்மவர்களுக்கு நெஞ்சுரம் இல்லை' என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பல்லேகலைத் தோல்விகள் நடந்த அடுத்த வாரமே கொழும்பில் இதே அணி இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று வென்றது. 1997இற்குப் பின்னர் இந்தியாவுக்கு எதிரான இருதரப்பு ஒருநாள் தொடரில் இலங்கைக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. இரண்டாவது ஆட்டத்தில் விக்கெட் இழப்பின்றி 97 ஓட்டங்களுடன் இருந்த இந்தியா, ஜெஃப்ரி வெண்டர்சேயின் ஆறு விக்கெட்டுகளால் 208இல் சுருண்டது. மூன்றாவதில் துனித் வெல்லாலகே ஐந்து விக்கெட்டுகளை எடுக்க, இந்தியா 138 ஓட்டங்களோடு அடங்கியது. உலகின் மிகச் சிறந்த துடுப்பாட்ட வரிசையும் சரியக்கூடியதுதான்.

பந்து மெதுவாக வந்து திரும்பும் ஆடுகளங்களில், களத்தில் ஊன்றி நின்றுவிட்ட துடுப்பாட்ட வீரரின் விக்கெட் இரண்டு விக்கெட்டுகளுக்குச் சமம். புதிதாக வருகிறவர் பந்தின் வேகத்தைக் கணிக்கவே பத்துப் பந்துகள் வேண்டும். அந்தப் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டம், ஈரோட்டம் என்று சேர்க்கத் தெரிந்தவர்களை நமது மத்திய வரிசையில் காணோம். வருகிறவர் யாரானாலும் எல்லைக்கோட்டையே நோக்குகிறார். 28 ஓட்டங்களை ஒற்றை ஓட்டங்களாலேயே எடுத்திருக்கலாம் என்பது பார்வையாளர் மேடையில் இருந்த சிறுவனுக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் பக்குவம் தேசிய அணிக்கு வந்த பிறகு கற்றுக்கொள்ளும் பாடமன்று. உள்ளூர்ப் போட்டிகளில் கற்க வேண்டியது. நமது முதல்தரக் கழகப் போட்டிகளில் நீண்டகாலம் இருபதுக்கும் மேற்பட்ட அணிகள் ஆடின. அவற்றில் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்தவை. திறமை அத்தனை கழகங்களுக்குள் சிதறிக் கிடந்தால், கடைசி ஓவரின் நெருக்கடி ஓர் இளைஞனுக்கு எங்கே பழகும்?

இந்த மலைநாட்டுக்கு நெருக்கடியில் வென்ற நினைவுகளும் உண்டு. 1999இல் அஸ்கிரியவில்தான் இலங்கை அவுஸ்திரேலியாவை முதன்முதலாக டெஸ்டில் வென்றது. 2012 இருபது20 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்துடனான ஆட்டம் 174இல் சமநிலையானபோது, சுப்பர் ஓவரில் மாலிங்கவின் பந்துவீச்சால் இதே பல்லேகலையில் வென்றோம். 2016இல் முதல் இன்னிங்ஸில் 117 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணியை, 176 ஓட்டங்கள் குவித்துத் தூக்கி நிறுத்தியவர் குசல் மெண்டிஸ். அந்த டெஸ்டிலும் அவுஸ்திரேலியா தோற்றது. விழுந்த பிறகு எழத் தெரிந்த அணிதான் இது.

கடல்கடந்து வாழும் தமிழ் வாசகர்கள் சிலர் இந்த இடத்தில் வேறொரு கேள்வியை எழுப்புவார்கள். 'இந்த அணிக்காக நீங்கள் ஏன் வருந்த வேண்டும்?' என்பது அது. அந்தக் கேள்வியின் பின்னால் உள்ள வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதல் டெஸ்டை ஆடியபோது இந்த மலைகளின் தோட்டத் தொழிலாளர்களில் பெருந்தொகையானோருக்குக் குடியுரிமையே இருக்கவில்லை. பல்லேகலைக்கு அருகே குண்டசாலையில் வளர்ந்த முத்தையா முரளிதரனின் குடும்பம் 1977 வன்முறையில் தாக்குதலுக்கு உள்ளானது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பந்துவீசப் பழகி, 2007 டிசெம்பரில் அஸ்கிரியவில் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி ஷேன் வோர்னின் சாதனையைக் கடந்தார். 2010இல் காலியில் 800 விக்கெட்டுகளோடு விடைபெற்றார்.

ஆகவே, இந்த அணி எனக்கு எவரும் தந்த சலுகையன்று. எனது ஊரார் ஒருவர் தனது மணிக்கட்டின் உழைப்பால் அதில் எழுதிவைத்த பங்கு அது. அந்தப் பங்கை விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமில்லை. அணியை ஆதரிப்பது அரசுக்கு வழங்கும் நற்சான்றிதழும் ஆகாது. பங்குள்ளவனுக்கே கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு.

அந்த உரிமையோடு கேட்கிறேன். 2010இல் பல்லேகலை அரங்குக்கு முரளியின் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை தீர்மானித்தது. அரங்கு இன்றும் பல்லேகலை என்ற பெயரிலேயே அழைக்கப்படுகிறது. பெயர்ப்பலகையைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் முரளிக்குப் பின்னர் மலையகத்துத் தமிழ்ப் பிள்ளை எவரும் அவர் நின்ற இடத்துக்கு அருகே கூட வரவில்லையே, அது ஏன்? தோட்டங்களில் லயத்துக்கு முன்னால் உள்ள சிறு வெளியில் மென்பந்தில் ஆடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கடினப்பந்தும், காலுறையும், புல்தரை ஆடுகளமும், ஒரு பயிற்றுநரும் அவர்களை எட்டுவதில்லை. நகரத்துப் பெரிய கல்லூரிகளின் வாயிலுக்குள் நுழைய முடிந்தவர்களுக்கே தேசிய அணிக்கான பாதை திறக்கிறது.

மத்திய வரிசையில் நிதானமான ஒருவரைத் தேடுகிறோம். பத்து ரூபாய்க்கும் கணக்குப் பார்த்து வாழப் பழகிய வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒற்றை ஓட்டத்தின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தேர்வாளர்கள் பல்லேகலை அரங்கிலிருந்து இன்னும் சில மைல்கள் மலை ஏறி வந்து பார்த்தால் போதும். 28 ஓட்டங்களைப் பொறுமையாக எடுக்கத் தெரிந்த ஒருவன் அங்கே மென்பந்தோடு நின்றுகொண்டிருக்கக்கூடும்.